வலைக்கு அந்தப் பக்கம்

மகளிர் கிரிக்கெட் அணியின் வெள்ளை உடுப்புகளுக்கு இஸ்திரி போடுவது என் அப்பா. எங்கள் தெருவில் ஒருத்தியும் அதை உடுத்தியதில்லை.

நான் வலைப்பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசுகிறவள். பந்து போடும் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், இவளுக்கு ஒரு டீ போதும் என்பது கோச்சின் கணக்கு.

இன்று கிளப் தலைவரின் மகள் மட்டை பிடிப்பதைப் பார்க்க வந்த செலக்டர், ஸ்டம்புகளுக்குப் பின்னால், வலைக்கு வெளியே நின்றார்.

"பாப்பாவுக்கு லேசா போடும்மா, நல்லா அடிக்கட்டும்," என்றார் கோச்.

என் முதல் பந்தில் நடு ஸ்டம்ப் பல்டி அடித்தது. அடுத்ததில் இன்னொன்று பறந்தது.

"கொழுப்பா உனக்கு? செலக்டர் பாக்கறார்ல?" கோச் பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும் சார். அங்க நின்னா பாப்பாவோட முதுகுதான் தெரியும். அவர் கண்ணுக்கு நேரா நிக்கிறது நான்தான்."