பால்கவரின் முனை

1.
இந்தக் கதை ஒரு கொடிக்கயிற்றில் கிடைத்தது. பாறசாலைப் பக்கம் ஒரு முற்றத்தில், வேட்டிக்கும் சேலைக்கும் நடுவே, கழுவிய பால்கவர்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. உடனே எழுதினேன்:

‘மானுடத்தின் எதிர்காலம் இன்று ஒரு மெல்லிய உறைக்குள்...’

(அடித்துவிட்டேன். மைக் வாசனை அடிக்கிறது. அதை மோகனனுக்கே விட்டுவிடுவோம்.)

2.
மோகனன் குடியிருப்போர் சங்கத் தலைவர். பிளாஸ்டிக்குக்கு எதிராக ஃபிளெக்ஸ் பேனர் கட்டி முழங்குகிறவர். (ஃபிளெக்ஸே பி.வி.சி. பிளாஸ்டிக், மறுசுழற்சி முக்கோணத்துக்குள் மூன்றாம் எண். மறுசுழற்சிக்கு அதை எளிதில் யாரும் தொடமாட்டார்கள். இன்று அவரிடம் சொல்லாதீர்கள், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.)

“விமலே, அந்தக் கவரையெல்லாம் எடுத்து மாத்து. வாறவங்க என்ன நினைப்பாங்க?”

“ஈரத்தோட கெட்டிவச்சா நாறும். வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் எடுக்கிற ஹரித கர்ம சேனைக்காரிக்கு நீங்களா பதில் சொல்லுவிய? காயட்டும்,” என்றாள் அவர் மனைவி விமலகுமாரி.

மகள் அனகாவின் கவலை வேறு. மாப்பிள்ளை நிஜின் போனில் மறுசுழற்சி பற்றி அருமையாகப் பேசியிருந்தான். பிடித்தது. ஆனால் அருமையாகப் பேசும் ஓர் ஆணின் வீட்டில் வளர்ந்தவள் அவள். பிடித்தது அவனையா, பேச்சையா? பார்க்க வருகிறவர்கள் கிளம்புமுன் பதில் சொல்லியாக வேண்டும்.

3.
வந்திறங்கிய நிஜினின் அம்மா சரோஜம், கொடிக்கயிற்றைப் பார்த்துச் சிரித்தாள்.

“எங்க வீட்டு முற்றத்திலயும் இதுதான் தோரணம்.”

“எல்லாம் என் ஐடியா ஆக்கும்,” என்றார் மோகனன்.

விமலகுமாரிக்கு இருமல் வந்தது.

4.
[இங்கே ஒரு கட்டுரை நுழைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பால்கவர் மிருதுவான பாலித்தீன், நான்காம் எண். கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் உருகி வேறொன்றாகும். முனையைத் துண்டாக நறுக்கினால் அந்தப் பொடித்துண்டு யார் கையிலும் சிக்காது. சாக்கடை வழியாக நெய்யாற்றுக்குப் போகும். முனை கவரோடு தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.]

சாயாவுக்குப் பால் போதவில்லை. அனகா நிஜினை அடுக்களைக்கு அழைத்து, பால்கவரையும் கத்திரிக்கோலையும் நீட்டினாள்.

“நானா?”

“போன்ல அரை மணிக்கூர் பேசினீங்கல்லா. இப்ப வெட்டுங்க.”

5.
முடிவு அ: முனை பறந்து கழுவுதொட்டிக்குள் விழுகிறது. அனகா குனிந்து அதை எடுத்து, கத்திரிக்கோலைத் திரும்ப வாங்கி...

முடிவு ஆ: முனை நூலிழையில் தொங்குகிறது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை... (எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை இல்லை.)

அடுப்பில் தேயிலைத் தண்ணீர் கொதிக்கிறது. வரவேற்பறையில் மோகனன் தொண்டையைச் செருமுகிறார்; சீக்கிரம் சாயா போகாவிட்டால் பேச ஆரம்பித்துவிடுவார். நிஜின் கத்திரிக்கோலை விரித்துப் பிடித்திருக்கிறான்.

நாளைக் காலை உங்கள் வீட்டுக்கும் ஒரு பால்கவர் வரும். நீங்கள் எப்படி வெட்டுகிறீர்களோ, அவனும் அப்படியே வெட்டுவான். பார்த்து வெட்டுங்கள். பெண்ணுக்கு அவனைப் பிடித்திருக்கிறது.