பன்னிரண்டு பாட்டில், எழுபத்திரண்டு படி

சோடா மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்த ரோஸ்விதா, வாங்கியதை எங்கே ஒளிப்பது என்பதை மட்டும் மூன்றே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டாள். துடைப்பம் வைக்கும் அலமாரியில், வாக்குவம் கிளீனருக்குப் பின்னால். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் கணவர் ஆல்வின் அந்த அலமாரியைத் திறந்து அவள் பார்த்ததில்லை.

ஒளித்து வைக்கும்படி அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஸ்டுட்கார்ட் நகரத்தில் பாதி வீடுகளில் அது சமையல் மேடையில் பகிரங்கமாகத்தான் நிற்கிறது. குழாயில் தண்ணீர் பிடித்து, பொத்தானை அமுக்கினால், உருளையில் இருக்கும் வாயு உள்ளே பாய்ந்து சோடா தயார். ஆனால் அந்தப் பாதி வீடுகளில் ஆல்வின் இல்லை. அவர் முப்பத்தெட்டு வருடம் ஊற்றுத் தண்ணீர் கம்பெனிக்கு லாரி ஓட்டியவர். பூமிக்கு அடியிலிருந்து குமிழியோடு வரும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டில்களில் பெட்டி பெட்டியாக நகரம் முழுக்க இறக்கியவர். மெஷின்காரர்களைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்தான்.

"சைக்கிள் டியூபுக்கு அடிக்கிற காத்த வயித்துக்குள்ள அடிச்சுக்கிறானுங்க."

இதில் தப்பில்லை. ஆளுக்கொரு கர்வம் வேண்டும். தொல்லை என்னவென்றால், அந்தக் கர்வத்துக்குப் பன்னிரண்டு பாட்டில், பதினேழு கிலோ எடை, வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மார்ச் மாதம் ஆல்வினின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார். "தண்ணிய யாரு கனம்னு சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு, முதல் சனிக்கிழமையே ஆல்வின் தெருமுனைக் கடையிலிருந்து ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அவர் நின்ற நிலையை ரோஸ்விதா மேலிருந்து கைப்பிடிக் கம்பி வழியே பார்த்துவிட்டாள். பார்த்ததை அவள் சொல்லவில்லை. நின்றதை அவரும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் மெஷின் வந்தது. கடைக்காரர் இனிமேல் வியாழக்கிழமைகளில் தண்ணீரை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார் என்று அவள் சொன்னாள். வியாழக்கிழமை ஆல்வின் இதய நோயாளிகளின் உடற்பயிற்சி வகுப்புக்குப் போய்விடுவார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் மெஷினை வெளியே எடுப்பாள். குழாயைத் திறப்பாள், அமுக்குவாள், புனல் வைத்துப் பழைய கண்ணாடி பாட்டில்களில் ஊற்றுவாள். பன்னிரண்டும் நிறைந்ததும் மெஷின் மறுபடி அலமாரிக்குள். சாப்பாட்டு மேசைக்கு எப்போதும் மூடி திறந்த பாட்டில்தான் போகும். புது பாட்டிலென்றால் மூடியைத் திருகும்போது அதன் வளையம் 'டக்' என்று உடைய வேண்டும். அவளுடைய பன்னிரண்டில் எதிலும் அந்த டக் கிடையாது.

ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஆல்வின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"கம்பெனில இப்ப சரியில்ல. தண்ணி செத்துப்போய்க் கெடக்கு. குமிழியே இல்ல."

"வயசானா எல்லாருக்கும் நாக்கு மரத்துப்போகும்."

"என் நாக்கு மரத்துப்போகுமா? இரு, எழுதறேன் அவனுங்களுக்கு."

எழுதியும் விட்டார். இரண்டு பக்கப் புகார்க் கடிதம், தேதி, கையெழுத்து எல்லாம் சுத்தமாக. தபாலில் போடச் சொல்லி அவளிடமே கொடுத்தார். அது அவள் கைப்பையின் உள்ளறையில் மூன்று வாரமாகப் பயணம் செய்துகொண்டிருந்தது.

கீழ் வீட்டு ஏபர்லே அம்மாள் வேறு. இந்தக் கட்டடத்தில் ஒரு தும்மல் விழுந்தால் எந்த மூக்கிலிருந்து என்று சொல்லக்கூடியவள்.

"வியாழக்கிழமையானா உங்க வீட்ல பாம்பு சீறுது. வளக்கறீங்களா?" என்று ஒரு நாள் படியில் மறித்துக் கேட்டாள்.

"பிரஷர் குக்கர்."

"பன்னெண்டு தடவையா? அதிருக்கட்டும், உங்களுக்குத் தண்ணி கொண்டு வர்றவன நான் ஒரு நாளும் கண்ணால பாத்ததில்லையே."

"அவரு சத்தமில்லாம வருவாரு."

"பதினேழு கிலோவத் தூக்கிக்கிட்டா?"

ரோஸ்விதா மேலே ஏறினாள். முதுகில் அந்தப் பார்வை கதவு வரைக்கும் கூடவே வந்தது.

செப்டம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் கூனோ காப்பிக்கு வந்தார். ஆல்வினோடு அதே லாரியில் பக்கத்து இருக்கையில் இருபது வருடம் உட்கார்ந்து வந்தவர். ரோஸ்விதா பிளம் கேக் சுட்டிருந்தாள். அந்த வாரம் படிக்கட்டு துடைக்கும் முறை ஏபர்லே அம்மாளுடையது. வாரத்துக்கு ஒரு வீடாக மாறும் முறைப் பலகை அவள் கதவில் தொங்கியது; அவள் காலையிலிருந்தே வாளியும் மாப்புமாகப் படிகளில் குடியிருந்தாள்.

இரண்டாவது துண்டு கேக்கைத் தின்றுவிட்டு, கூனோ பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்னடா இது?"

"என் மவ மெஷின் வாங்கிக் குடுத்துருக்கா. காலைல அடிச்சது. திட்டணும்னா குடிச்சுட்டுத் திட்டு."

"இதக் குடிக்கறதுக்கு நான் மீன் தொட்டில வாய வைப்பேன்."

"பேச்சு பேச்சாவே இருக்கட்டும். கண்ண மூடிக்க. ஒரு கிளாஸ்ல இது, ஒரு கிளாஸ்ல உன் ஊத்துத் தண்ணி. எது எதுன்னு சொல்லிட்டா, அடுத்த வாரமே மெஷினத் தூக்கி மாடியிலருந்து போட்டுடறேன்."

ரோஸ்விதா காப்பிக் கோப்பையை ஆல்வின் பக்கம் நகர்த்தினாள். "சின்னப் பசங்க மாதிரி என்ன வெளையாட்டு. காப்பி ஆறிப்போகுது."

"ஆறட்டும்," என்றார் ஆல்வின். கண்ணை மூடி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீதிபதி தோற்றுப்போவார்.

கூனோ இரண்டு கிளாஸ்களில் ஊற்றினார். முதலாவதில் தன்னுடையது, இரண்டாவதில் மேசையிலிருந்த கண்ணாடி பாட்டிலில் இருந்தது. இரண்டும் ஸ்டுட்கார்ட் நகராட்சிக் குழாயில் பிறந்த அக்கா தங்கைகள் என்பது அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆல்வின் முதல் கிளாஸைக் குடித்தார். முகம் மலர்ந்தது.

"இது நம்ம ஊத்து. தொண்டையில கீறுது பாரு. இதுதான் தண்ணி."

கூனோ ரோஸ்விதாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இரண்டாவது கிளாஸ். ஒரு வாய்தான். "இது குழாய். நூத்துக்கு நூறு. வாளித் தண்ணி."

கூனோ சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "மாத்திச் சொல்லிட்டியேடா! கீறுச்சுன்னியே, அது என் மெஷின். வாளித் தண்ணின்னியே, அது முப்பத்தெட்டு வருஷம் நீ சுமந்தது!"

ஆல்வின் கண்ணைத் திறந்தார். பாட்டிலைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். காது மடல்கள் சிவந்தன.

"இல்ல. இது குழாய்த் தண்ணிதான்."

"லேபிளப் பாரு."

"லேபிள் என்ன வேணா சொல்லட்டும். குழாய்த் தண்ணி."

"சரி சரி, விடு. ரோஸ்விதா சொன்னான்னு நீயே சொன்னியே, வயசானா நாக்கு..."

"நான் எப்பவும் அப்படிச் சொன்னதில்ல," என்றாள் ரோஸ்விதா. பொய்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் அவள் கண்ணில் பட்டது ஆல்வினின் கைகள். மேசை விளிம்பைப் பிடித்திருந்த பெரிய கைகள். அவர் சொன்னது சரி. சரியைச் சொன்னவரைப் பார்த்து ஒருவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். வாயைத் திறந்தால் நாளைக்கே பெட்டி மறுபடி தோளில் ஏறும். திறக்காவிட்டால் இந்த மனுஷன் தன் நாக்கையே சந்தேகப்பட்டுக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவார்.

அவள் முடிவு செய்வதற்குள் ஆல்வின் எழுந்து சமையலறை மூலையிலிருந்த பெட்டியிலிருந்து இன்னொரு பாட்டிலை உருவினார். மூடியைத் திருகினார்.

டக் இல்லை.

மறுபடி மூடித் திருகினார். லேபிளின் அடியிலிருந்த தேதியைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார். அடுத்த பாட்டிலின் தேதியையும் படித்தார். காலாவதியாகி ஒரு மாதம். பிறகு திரும்பினார்.

"அவரு சொல்றது சரிதான், கூனோ," என்றாள் ரோஸ்விதா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "குழாய்த் தண்ணிதான். நான்தான் நெரப்புறேன். மெஷின் அந்த அலமாரில இருக்கு."

கூனோவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எத்தன நாளா?" என்றார் ஆல்வின்.

"ஏப்ரல்லருந்து."

அவர் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கத்தவில்லை. எஞ்சிய பாட்டில்களைச் சமையலறைத் தொட்டியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கொட்டினார். காலிகளைப் பெட்டியில் அடுக்கினார். செருப்பை மாற்றி ஷூ போட்டுக்கொண்டார்.

"எங்கடா போற? நான் வர்றேன், இரு," என்று கூனோ எழுந்தார்.

"உக்காரு. கேக்கத் தின்னு."

கதவு சாத்திக்கொண்டது.

ரோஸ்விதா ஜன்னலுக்கு ஓடினாள். காலிப் பெட்டியோடு அவர் தெருமுனை திரும்புவது தெரிந்தது. பத்து நிமிடம். பதினைந்து. திரும்பி வந்தபோது பெட்டி தோளில் இருந்தது. உள்ளே பன்னிரண்டும் வெயிலில் மின்னின.

அவள் வாசலுக்கு வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் பாட்டில்கள் ஒரு தரம் கிலுங்கும். அவள் எண்ணினாள். பதினெட்டு. கீழிருந்து ஏபர்லே அம்மாளின் குரல்: "பாத்து, ஈரமா இருக்கு." பத்தொன்பது, இருபது. முப்பதுக்கு மேல் கிலுங்கலுக்கும் கிலுங்கலுக்கும் நடுவே இடைவெளி வந்தது. முப்பத்தைந்து. வெகுநேரம் கழித்து முப்பத்தாறு.

பிறகு பெட்டி தரையில் இறங்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஆல்வின் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். முகம் மாவு பூசியது போலிருந்தது, உதட்டுக்கு மேலே வேர்வை. ஏபர்லே அம்மாள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரப் படியில் மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடறேன்."

"வேண்டாம்." மூச்சு வாங்கியது. "வலி இல்ல. மூச்சுதான்."

"சத்தியமா?"

"நான் உன்ன மாதிரியா, ஆறு மாசம் பொய் சொல்ல?"

"மார்ச்ல மூணாவது மாடில சுவத்துல சாஞ்சு நின்னியே, அத சொன்னியா?"

ஏபர்லே அம்மாளின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

"அன்னிக்கு மூணாவது மாடி," என்றார் ஆல்வின். "இன்னிக்கு ரெண்டாவதுதான்." தன் முழங்கால்களைக் கடன் கொடுத்து ஏமாந்தவன் மாதிரி பார்த்தார். "தண்ணி குடு."

"இதோ, இதுல இருக்கே," என்று ஏபர்லே அம்மாள் பெட்டியைக் காட்டினாள்.

"அத எடுக்கணும்னா நான் எந்திரிக்கணும்."

ரோஸ்விதா மேலே ஏறினாள். மெஷினை அலமாரியிலிருந்து இழுத்துச் சமையல் மேடைமேல் வைத்து, கூனோ வாய் பிளந்து பார்க்க, குழாயைத் திறந்து, இரண்டு தரம் அமுக்கினாள். பாம்பு சீறியது. புனலுமில்லை, கண்ணாடி பாட்டிலுமில்லை. மெஷினில் மாட்டியிருந்த பாட்டிலோடு அப்படியே கீழே வந்தாள்.

ஆல்வின் குடித்தார். பாதி பாட்டில் காலி. ஏப்பம் விட்டார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

"எத்தன தடவ அமுக்கின?"

"ரெண்டு."

"மூணு அமுக்கணும். தண்ணி இன்னும் சில்லுன்னு இருக்கணும். இவ்வளவு நாள் ஏன் செத்துக் கெடந்துச்சு?"

"புனல் வெச்சு அந்தக் கண்ணாடி பாட்டில்ல ஊத்தினேன்."

ஆல்வின் கண்ணை மூடிக்கொண்டார். சுவரில் சாய்ந்தபோதுகூட அவர் முகத்தில் இவ்வளவு வேதனை இருந்ததில்லை. "புனல்ல ஊத்துனா காத்து நிக்குமா? ஒரு தொழில்காரன் வீட்ல இருக்கேன், ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?" பிறகு, கொஞ்சம் மெதுவாக: "அந்தக் கடுதாசியப் போட்டுட்டியா?"

"இல்ல. பையில இருக்கு."

"நல்லதாப் போச்சு."

திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார், திட்டினார், மாத்திரையை மாற்றினார். பெட்டி நாலாவது மாடிக்கு ஏறவே இல்லை. கூனோ அதைத் தூக்கி மூன்றாவது மாடிவரை கொண்டுபோய் ஏபர்லே அம்மாளின் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைக் குடித்துவிட்டு, ஊற்றுத் தண்ணீர் ஊற்றுத் தண்ணீர்தான், மெஷினெல்லாம் இரண்டு மாதத்தில் தூசி படியும் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள்.

தூசி படியவில்லை. மெஷினை ஆல்வின் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, காலியான உருளையைத் துணியில் சுற்றி, பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவரே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருகிறார். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தோளில்தான் வைத்துக்கொண்டு வருகிறார்.