படைக்கானலின் எதிரிகள்

படைக்கானல் நாட்டில் ஒருவரை ஒருவர் கண்டால் சௌக்கியமா என்று கேட்கும் வழக்கம் கிடையாது. "யாரது? நில்!" என்பார்கள். கேட்பவர் மாமனாராக இருக்கட்டும், வருகிறவன் சொந்த மருமகனாக இருக்கட்டும், அன்றைக்குரிய அடையாளச் சொல்லைச் சொன்ன பிறகுதான் உள்ளே வந்து கஞ்சி குடிக்க முடியும்.

வட்டவடைக்கும் காந்தலூருக்கும் மேலே, மேகம் வந்து படுத்துக்கொள்ளும் மலைமுதுகில் இருந்தது அந்த நாடு. எழுபது வீடு, நானூறு பேர், சுற்றிலும் ஒரு கல்மதில். ஆண்பிள்ளை பிறந்தால் சிப்பாய், மீசை முளைத்தால் நாயக், கல்யாணம் ஆனால் அவில்தார். பெண்கள் பிறந்ததிலிருந்து சாகும்வரை அரைச் சிப்பாய். உழுவது, விதைப்பது, பூண்டு பிடுங்குவது, சமைப்பது, பிள்ளை பெறுவது என்று படைக்குச் சம்பந்தமில்லாத சில்லறை வேலைகள் அவர்களுடையவை. ஆண்கள் மதில்மேல் ஈட்டியோடு நின்றார்கள். இருநூறு வருஷமாக நின்றார்கள். யாரும் வரவில்லை. தாங்கள் நிற்பதால்தான் வரவில்லை என்று அவர்கள் சொன்னார்கள், அதை யார் மறுக்க முடியும்?

ஆனாலும் எதிரி இல்லாமல் படை வைத்திருப்பது நன்றாகவா இருக்கிறது? அதனால் வருஷத்துக்கு ஒரு வீட்டை எதிரியாக நியமித்தார்கள். சித்திரையில் குலுக்கல். சிக்கிய வீட்டார் மதிலுக்கு வெளியே, கீழ்ச்சரிவில் குடிசை போட்டுக் குடியிருக்க வேண்டும். தை பிறந்ததும் கிழக்கு வாசலுக்குப் படையெடுத்து வந்து, தோற்று, மண்டியிட்டு, உள்ளே வந்துவிட வேண்டும். வராதவன் எதிரியாகவே கிடக்க வேண்டியதுதான். இதைவிடப் பெரிய மானக்கேடு அந்த நாட்டில் இல்லை.

வீரபாண்டி வீடு எதிரியாக இருந்த வருஷம், குதிரைமேல் நான்கு வெள்ளைக்காரத் துரைகள் மலையைச் சங்கிலி பிடித்து அளந்துகொண்டே மதிலடிவரை வந்தார்கள். தேயிலை போட இடம் தேடுகிறார்களாம். அந்த வருஷத்து எதிரி வீரபாண்டி என்று ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தபடியால், படை துரைகளுக்குச் சலாம் வைத்து வழிகாட்டி அனுப்பியது. அடுத்த மழைக்குள் கீழ்க்காட்டில் பாதி மொட்டையாகிவிட்டது.

வேலுத்தாய்க்கு நாட்டைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவள் கவலை முழுவதும் புருஷன் மொக்கையனின் நெஞ்சைப் பற்றியது. பன்னிரண்டு வருஷமாக வடக்கு மூலையில் நின்று நின்று பனி அவன் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. நாலடி நடந்தால் இளைப்பு. மருந்து அரைத்துக் கொடுக்கும் அழகுத்தாய் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வேலுத்தாயைத் தனியே அழைத்தாள்.

"இன்னொரு பனிக்காலம் மதில்ல நின்னா ஆளு தங்காது தாயி. வெயிலு படுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

எங்கே கூட்டிப் போவது? எழுபது வயது முடியாமல் மதிலைவிட்டு இறங்க முடியாது. செத்தவனையே மாற்று ஆள் வரும்வரை சாய்த்து நிறுத்தி வைக்கிற நாடு அது. மொக்கையனோ சலுகை கேட்கிற ஆளே இல்லை. இருமல் எதிரிக்குக் கேட்டுவிடும் என்று துண்டை வாயில் திணித்துக்கொண்டு இருமுகிறவன். இப்படியும் ஒரு மனுஷனா என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும்.

சித்திரைக் குலுக்கலுக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குறியிட்ட பூண்டு ஒன்றைக் கூடையில் போடுவார்கள். தளவாய் சந்தனம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றை எடுப்பார். கைக்கு அகப்படாமல் இருக்கட்டும் என்று எல்லா வீட்டாரும் இருப்பதிலேயே சுண்டைக்காய் அளவுப் பூண்டாகத் தேடிப் போடுவது வழக்கம். வேலுத்தாய் தன் கொல்லையில் விளைந்ததிலேயே பெரியதை, கைப்பிடிக்குள் அடங்காத ஒன்றை, முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்ப் போட்டாள். தளவாயின் கை நேராக அதில்தான் போய் விழுந்தது.

மொக்கையன் மூன்று நாள் சோறு தின்னவில்லை. வேலுத்தாய் மூன்று நாளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்தபடி குடிசைக்குக் கூரை வேய்ந்தாள்.

கீழ்ச்சரிவில் காலையிலேயே வெயில் விழுந்தது. விடியுமுன் கொம்பு ஊதி எழுப்ப ஆள் இல்லை. ஆடியில் அவன் இருமல் குறைந்தது. ஐப்பசியில் ஓடைக்குப் போய் ஒரே மூச்சில் தண்ணீர் சுமந்து வந்தான். கன்னத்தில் சதை போட்டது. பகலில் தூங்கும் புருஷனின் சீரான மூச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதைவிடப் பெரிய சுகம் எதையும் வேலுத்தாய் அதுவரை கண்டதில்லை.

மார்கழி பிறந்ததும் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"இந்தா பாருங்க, தையில நாம போக வேணாம். எதிரியாவே இருந்துட்டுப் போவோம். யாரு நம்மள என்ன செய்யப் போறாக?"

மொக்கையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்ன பேச்சுப் பேசுற புள்ள? எதிரின்னு போட்டுட்டாக. எதிரின்னா ஒழுங்கா வந்து சண்ட போடணும்ல?"

"தோத்துட்டு மறுபடி அந்தப் பனியில போயி நிப்பீகளா?"

"தோக்குறதா?" என்றான் மொக்கையன். அவன் கேட்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தை முதல் நாள் நாடு முழுவதும் கிழக்கு வாசலில் அணிவகுத்து நின்றது. இருநூறு வருஷமாக எதிரி அந்த வழியாகத்தான் வந்திருக்கிறான். முன்னால் போ, இதோ வருகிறேன் என்று மொக்கையன் சொல்லியிருந்ததால், வேலுத்தாய் மண்டியிடுவதற்குத் தோதாக ஒரு சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். உச்சிவேளைக்கு ஊர் நடுவிலிருந்து முரசு முழங்கியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வடக்கு மூலையில் எந்தக் கல் ஆடும் என்று பன்னிரண்டு வருஷம் அங்கே நின்றவனுக்குத் தெரியாதா? கல்லைப் பெயர்த்து உள்ளே புகுந்த மொக்கையன் முரசின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான்.

சட்டம் தெளிவாக இருந்தது. முரசைப் பிடித்தவன் தளவாய், தோற்றவர் எதிரி. அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைக்காததால் யாரும் அதைத் திருத்தவில்லை.

சந்தனம் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா... நாங்க அம்புட்டுப் பேரும் வெளிய போயி எதிரியா இருக்கணுமாப்பா?"

"சட்டம் அதுதானுங்களே ஐயா," என்றான் மொக்கையன், தலையைச் சொறிந்துகொண்டு.

கூட்டம் அவன் கன்னத்துச் சதையைப் பார்த்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தது. மானக்கேடுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாழிகைக்குள் கோழி, ஆடு, பாய், பானையோடு முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேரும் கிழக்கு வாசலைத் தாண்டிவிட்டார்கள். முதலில் தாண்டியவர் சந்தனம்.

மொக்கையன் ஈட்டியோடு மதிலில் ஏறினான். முன்பு அவனுக்கு ஒரு மூலைதான். இப்போது நாலு மூலையையும் அவனே சுற்றி வந்தான். எட்டாம் நாள் பழைய இளைப்பு திரும்பியது. பத்தாம் நாள் துப்பியதில் சிவப்பு கண்டது. வேலுத்தாய் கீழ்ச்சரிவுக்கு ஓடினாள். அங்கே முன்னாள் தளவாய் கட்டிலில் காலை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, புண்ணியமாப் போவுது. படை திரட்டிட்டு வாங்க. அவர ஒருதரம் தோக்கடிச்சு எறக்குங்க. ஒத்த ஆளு, அவருக்கு மூச்சே இல்ல. நானே வாசலத் தொறந்து விடுறேன்."

சந்தனம் அவளை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். "செய்யலாம் தாயி. ஆனா ஜெயிச்சுத் தொலைச்சுட்டோம்னா மறுபடி நாங்கள்ல மேல ஏறி நிக்கணும்?"

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அழகுத்தாய் மட்டும் ஒரு பொட்டலம் திப்பிலி கொடுத்தாள்.

வேலுத்தாய் திரும்பி வந்து மதிலில் ஏறினாள். மொக்கையன் ஈட்டியை ஊன்றி அதைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி நின்றிருந்தான். கீழே குடிசைகளில் புகை எழுந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"பாத்தியா புள்ள," என்றான் மூச்சுக்கு நடுவே. "எம்புட்டுப் பேரு! இருநூறு வருசத்துல நம்ம நாட்டுக்கு இம்புட்டு எதிரி வாய்ச்சதில்ல."

அவனை அப்படியே பிடித்துக் கீழே தள்ளிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போயிப் படுங்க. நான் நிக்கிறேன்."

"அரைச் சிப்பாய் நிக்கப்படாது."

"நீங்கதான தளவாயி? முழுச் சிப்பாயா ஆக்கிட்டுப் போயிப் படுங்க."

மொக்கையன் யோசித்தான். சட்டத்தில் இடமிருந்தது. நிமிர்ந்து நின்று முறைப்படி அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தான். பிறகு படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி அடுப்படிக்குப் போனான்.

வேலுத்தாய் நின்றாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து ஒருத்தராவது கம்பைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்களா என்று அவள் வழிமேல் விழி வைத்துப் பார்த்தாள். படைக்கானல் மதிலில் அத்தனை ஆசையோடு எதிரியை எதிர்பார்த்து நின்ற சிப்பாய் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.