எண்ணெய் குறையாத ரம்பம்

கோச்சடையில் ஜெயினம்பு டீச்சர் நடத்தும் மழலையர் பள்ளியின் கேட்டை மறித்துக்கொண்டு தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று கிடந்தது. மழையில் முறிந்த கிளை. ஒரு முனை மதில்மேலும் மறு முனை ரோட்டிலும் இருந்தது. அன்று விஜயதசமி. பத்து மணிக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் வந்துவிடுவார்கள்.

"சத்தமில்லாத மிஷின் வாங்கியிருக்கோம்னு சொன்னீங்கள்ல முனீஸ்வரி? இதைச் சரியா முடிச்சுட்டா உள்ள இருக்குற மரம் அம்புட்டையும் இனிமே நீங்களே கழிச்சு விடுங்க" என்றார் டீச்சர்.

முனீஸ்வரி தலையாட்டினாள். அவனியாபுரத்திலிருந்து மரம் வெட்டப் போகும் அவளும் புருஷன் அசோக்குமாரும் போன மாதம்வரை அவள் அண்ணன் வெள்ளைத்துரையின் பெட்ரோல் ரம்பத்தைத்தான் வாடகைக்கு எடுத்தார்கள். பேட்டரி ரம்பம் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். அதற்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. இதில் தோற்றால் மறுபடியும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

அண்ணனோ கூப்பிடாமலே வந்திருந்தான், பைக்கின் பின்னால் பெட்ரோல் ரம்பத்தைக் கட்டிக்கொண்டு.

"நீ எதுக்குண்ணே வந்த?"

"உன் பொம்மை படுத்துக்கிச்சுன்னா தூக்கிவிட ஆள் வேணும்ல, ஆத்தா."

முனீஸ்வரி பேண்ட்டை பூட்ஸுக்குள் செருகினாள். கண்ணாடி, ஹெல்மெட், கையுறை. சட்டையில் எந்த நுனியும் தொங்கவில்லை என்று பார்த்துக்கொண்டாள். கிளையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இரண்டு பக்கமும் தாங்கியிருக்கும் கிளை நடுவில் தொய்யும்; மேல்பக்கம் நெரிபட்டும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே முழுக்க அறுத்தால் மரம் வாயை மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். ஆகவே முதலில் மேலே கொஞ்சம், மிச்சத்தைக் கீழிருந்து. அதற்கு முன்னால் சின்னக் கிளைகளைக் கழிக்க வேண்டும்.

ரம்பம் முனகலோடு ஓடியது. ஐந்தாறு கிளை விழுந்தன. ஏழாவதில் கருகல் வாடை வந்தது. விரலை எடுத்தாள். பல் வைத்த சங்கிலி, தான் சுற்றி ஓடும் நீளத் தகட்டுக்குக் கீழே தொட்டில் கயிறுபோலத் தொங்கியது.

வெள்ளைத்துரை சிரித்தான். "பேட்டரி போச்சு மாப்ள!"

"பேட்டரி இல்ல மச்சான், சங்கிலி லூசு" என்ற அசோக்குமார் இறுக்கும் திருகைத் தேடிக் குனிந்தான். "முனீசு, ரெண்டு சுத்து இறுக்கிட்டு ஓட்டு."

"தொடாதீங்க!"

கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பை முன்பக்கம் தள்ளிச் சங்கிலி ஓடாதபடி பூட்டினாள். பிறகு பேட்டரியைக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். பெட்ரோல் ரம்பம் தூங்கினால் கயிறு இழுத்துத்தான் எழுப்ப வேண்டும். இது அப்படியில்லை. சத்தமே இல்லாமல் முழித்திருக்கும், விசையில் விரல் பட்டால் பாயும். பேட்டரி வெளியே இருந்தால்தான் இது வெறும் இரும்பு.

"சூட்டுல இறுக்கினா, ஆறுனப்புறம் சுருங்கித் தகட்டைப் பிடிச்சு நெரிக்கும். மொத இது ஏன் சுட்டுச்சுன்னு பாப்போம்."

"ஏன் சுடுதுன்னு பாத்துக்கிட்டு இரு, பிள்ளைங்க பெரிசாகிக் காலேஜுக்கே போயிரும்" என்றான் அண்ணன். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி டீச்சர் நின்றிருந்தார். தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

முனீஸ்வரி எண்ணெய்த் தொட்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். காலையில் விளிம்புவரை ஊற்றியது. இப்போதும் விளிம்புவரை இருந்தது.

அவளுக்கு அது விசித்திரமாக இருந்தது. சங்கிலி சுற்றச் சுற்ற இந்த எண்ணெய் தகட்டின் அடிமுனையில் உள்ள ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கசிந்து, சங்கிலி ஓடும் பள்ளத்தில் இறங்கும். பல் மரத்தை அறுக்கிறது. எண்ணெய் இரும்பும் இரும்பும் உரசுவதைத் தடுக்கிறது. வேலை நடந்திருக்கிறது, எண்ணெய் குறையவில்லை. அப்படியென்றால் அது எங்கே நிற்கிறது?

சங்கிலி ஆறியதும் பக்க மூடியைத் திறந்தாள். தகட்டை உருவித் திருப்பினாள்.

தகட்டின் அடிமுனையில், எண்ணெய் வரும் ஓட்டையின் மேலேயே, காய்ந்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

அசோக்குமார் தலையைச் சொறிந்தான். "நேத்து ஆயுத பூசைக்குக் கழட்டித் தொடச்சேன்ல... வெளிய மட்டும் வச்சா பத்தாது, உள்ளுக்கும் ஒண்ணு வைப்போம்னு..."

"சாமி மூஞ்சியில வைக்கச் சொன்னா, வாயில வச்சு அடைச்சிருக்கீங்க!"

டீச்சர் சிரிப்பை அடக்க முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

பள்ளித் துடைப்பத்தில் ஒரு ஈர்க்கை உருவி முனீஸ்வரி ஓட்டையைக் குத்தினாள். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. தகட்டின் பள்ளம் முழுக்க ஈர்க்கை ஓட்டி மரத்தூளையும் வழித்தெடுத்தாள். சங்கிலியைத் திரும்ப மாட்டும்போது மேல்பக்கப் பற்கள் தகட்டின் மூக்கு நுனியைப் பார்த்திருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பார்த்தாள். சங்கிலியை நடுவில் பிடித்து மேலே இழுத்தால் எழும்ப வேண்டும், விட்டால் சட்டென்று ஒட்டிக்கொள்ள வேண்டும், உள்பல் மட்டும் பள்ளத்தைவிட்டு வெளியே வரக்கூடாது. அந்த அளவுக்குத்தான் இறுக்கினாள்.

பேட்டரியைச் செருகி, ஓர் அட்டைக்கு மேலே ரம்பத்தின் மூக்கைத் தள்ளிப் பிடித்து ஓட்டினாள். ஒன்றும் இல்லை. வெள்ளைத்துரை வாயைத் திறந்தான். அதற்குள் அட்டையில் மயிரிழைபோல ஒரு எண்ணெய்க் கோடு விழுந்தது.

"வந்துருச்சு" என்றாள். தனக்குத்தானே சொன்னதுபோல இருந்தது.

பெரிய கிளைக்கு வந்தாள். ரம்பத்தின் மூக்கு நுனி மரத்தில் பட்டால் முகத்தை நோக்கி எகிறும் என்பதால் நுனியை வெளியே நீட்டி வைத்து, மேலே ஒரு வெட்டு, பிறகு கீழிருந்து. கிளை முறிந்து மெதுவாக இறங்கியது. அசோக்குமார் துண்டுகளை உருட்டினான். பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது டீச்சர் கேட்டைத் திறந்தார்.

"உள்ள வேப்பமரத்தையும் பாத்துருங்க முனீஸ்வரி. சனிக்கிழமை வருவீங்கள்ல?"

"வாரேன் டீச்சர்."

புதுப் பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரி பேட்டரியைக் கழற்றி, தகட்டுக்கு உறையை மாட்டினாள். நிமிர்ந்தபோது அண்ணன் பைக் அருகே குந்தியிருந்தான். அவன் பெட்ரோல் ரம்பத்தின் பக்க மூடி திறந்திருந்தது. அதற்கும் நேற்றுப் பூசைதான்.

"ஆத்தா" என்றான், அவளைப் பார்க்காமல். "அந்த ஈர்க்கை இங்கிட்டுக் குடு."