சோராவுக்குப் போக வேண்டிய எலும்புகள்

விமான நிலையத்தில் ஷான்போர் என்னைக் கட்டிக்கொண்டார். என் மனைவி இபானின் அண்ணன். தோளில் ஒரு வெள்ளைத் துணிப்பை, புதியது, காலி. அது எதற்கென்று எனக்குத் தெரியும்.

இபான் மேகாலயாவில் சோராக்காரி. நாம் சிரபுஞ்சி என்று படித்த ஊர். மெட்ராஸில் படிக்க வந்தவளைக் கல்யாணம் செய்துகொண்டு, எண்பத்திரண்டில் லிவர்மோர் வந்தேன். போன நவம்பரில் ஃப்ரீவேயில் விபத்து. சாம்பல் கைக்கு வந்த அன்றே, நண்பர் கஸ்தூரிரங்கன் சொன்னபடி, ஹாஃப் மூன் பேயில் கடலில் கரைத்தேன். நம் வழக்கம் அதுதானே. யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஷான்போரின் கடிதம் வந்தது. தங்கள் காஸி இனத்தின் பழைய வழக்கத்தை விடாத குடும்பம். இறந்தவரை எரித்து, மிஞ்சும் எலும்புகளைத் தாய்வழிக் கல்லறையில் சேர்ப்பார்கள். சேராத உயிர் அலையும். பத்திரமாக வை, பிப்ரவரியில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். இரண்டு மாதத்துக்கு மேலாக நான் பதில் எழுதவில்லை.

பின்சீட்டில் என் மகள் ஸ்வர்ணா. நான்கு வயது. பிப்ரவரி. குன்றுகள் பச்சையாக இருந்தன.

"எங்க ஊர் மாதிரியே இருக்கு மச்சான்." ஷான்போரும் மெட்ராஸில் படித்தவர்; தாம்பரம் ஹாஸ்டலில் கற்ற தமிழ். "மேல வெறும் புல்லு. ஆனா எங்க மலை சடார்னு அறுந்து போவும். அங்கேருந்து அருவி குதிக்கும். கீழ பார்த்தா பங்களாதேஷ், ஃபுல்லா தண்ணி."

"பெரிய கல்லெல்லாம் நிக்குமாமே."

"எங்க குடும்பத்துப் பொம்பளைங்க பேர்ல நட்டது. பக்கத்துலதான் கல்லறை. எல்லாரும் உள்ள இருக்காங்க. இபான் மட்டும் வரல."

எக்ஸிட்டைத் தவறவிட்டேன். அடுத்ததையும்.

"என்னய்யா, சொந்த வீட்டுக்கே வழி தெரியலையா?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"எலும்பு இல்ல. கடல்ல கரைச்சுட்டேன். உங்க லெட்டருக்கு முன்னாடியே."

ஒரு லாரி கடந்தது. இன்னொன்றும்.

"எந்தக் கடல்?"

"பசிபிக்."

"பெருசாத்தான் பிடிச்சிருக்க."

சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மூன்று சோழிகள்.

"அம்மா குடுத்தாங்க. கடற்கரை ஊர்க்காரன், கடல்லதான் போட்டிருப்பான்னு. உன்னப் போய் அப்படிப் பேசாதீங்கன்னு அவங்களத் திட்டினேன்."

உடல் கிடைக்காதவர்களைத் தண்ணீர் ஓரம் நின்று பெயர் சொல்லி அழைத்து, சோழிகளை வீசுவார்களாம். விழுந்தவைதான் அவர்களின் எலும்புகள்; பொறுக்கிக் கல்லறையில் சேர்ப்பார்கள்.

"வருவாளா?"

"தெரியாது. இவ்ளோ தூரத்துலேருந்து எங்க வீட்ல யாரையும் கூப்பிட்டதில்ல. வண்டிய எடு."

ஹாஃப் மூன் பேயில் காற்று பலமாக இருந்தது.

"நானும் கூப்பிடட்டுமா?"

"நீ வேற வீட்டு ஆளு மச்சான். இவதான் கூப்பிடணும். பிள்ளை அம்மா வீட்டைச் சேர்ந்தது."

ஸ்வர்ணா என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன்.

"மம்மி! வேர் ஆர் யூ?"

ஷான்போர் தன் மொழியில் இபானை அழைத்து வீசினார். சோழிகள் ஈர மணலில் விழுந்தன. அலை ஏறி வந்தது. ஸ்வர்ணா ஓடிப் பொறுக்கினாள். இரண்டை மாமாவிடம் கொடுத்தாள். மூன்றாவதைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இட்ஸ் மம்மி. ஐ'ம் கீப்பிங் ஹர்."

ஷான்போர் பையைத் திறந்தபடி நின்றார்.

"மூணும் வேணும்," என்றார் என்னிடம், மெதுவாக. "எனக்குப் பிடுங்க மனசு வரல."

மண்டியிட்டேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இன்னொரு கையால் என் மார்பில் குத்தினாள். சோழி சூடாக இருந்தது. பையில் போட்டேன்.