பட்டனை விட்ட பிறகு

ஒலிப்பதிவு நடக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது. அதன் சத்தமும் மைக்கில் ஏறிவிடுமாம். அதனால் காலையிலிருந்து மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. இந்தப் பக்கம் சவுண்டு அண்ணனும், சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நானும்.

அக்கா ராப் பாடுகிறவள். மேடையில் அவள் பெயர் கத்திரி. முதல் ஆல்பம் வந்தபோது என் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் முணுமுணுத்தார்கள். அவள் என் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு அக்கா சேர்ந்தாள். "கொஞ்ச நாள்தான்" என்றாள். அப்பா போய்விட்டார், நானும் பள்ளியை விட்டேன், அடுத்த ஆல்பம் மட்டும் வரவே இல்லை. 'கத்திரி துருப்பிடிச்சிருச்சா?' என்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். அதைப் படித்த மறுநாள்தான், முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த சவுண்டு அண்ணனுக்கு அவள் போன் போட்டாள்.

வரிகள் தயார், தாளம் தயார். குரல்தான் வரமாட்டேன் என்றது.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் அண்ணன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. "ஆனா கேட்டதும் பெட்டியைத் தூக்கிட்டு ஓடணும்போல இருக்கு."

"புரியுதுண்ணே."

"திட்டுற பாட்டு இது. நீ என்னடான்னா மூணாவது தடத்துல வண்டி நிக்குதுங்கற மாதிரி திட்டற."

அக்கா மறுபடி பாடினாள். ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்து வைத்ததுபோல வந்தது. கோபம் எங்கேயும் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அவன் சொன்னது சரிதான். துருதான்."

"லூசு மாதிரி பேசாத. டீ குடி, மறுபடி பாக்கலாம்."

"இல்லண்ணே. இன்னைக்கு வந்தா வரட்டும். வரலைன்னா இதோட விட்டுடறேன். இந்தப் பாட்டு சும்மா ஆசையைக் காட்டிட்டே இருக்குது, அதான் தாங்கல."

அண்ணன் டீ வாங்கக் கீழே இறங்கிப் போனார். அக்கா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள். அவளுடைய வலது கட்டைவிரல் மட்டும் சும்மா இல்லை. முழங்காலை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது.

அந்த விரலை நான் தினமும் பார்க்கிறேன். மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பேருந்து நிலையத்தில் அவளுடைய கண்ணாடி அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அங்கே மைக்கின் அடியில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் குரல் வெளியே போகும். அழுத்தினால், "பயணிகள் தங்கள் உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்." விட்டால், "அங்க பாருடி, பெட்டி இருக்கு, பொண்டாட்டிய மறந்துட்டுப் போறான்." சில நாள் அதையே தாளம் போட்டு, மூச்சு விடாமல் பாடித் தள்ளுவாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

அவள் ராப் பாடுவதை விடவே இல்லை. மைக் செத்திருக்கும்போது மட்டும் பாடினாள். இங்கேயோ மைக்குக்குப் பட்டனே கிடையாது. எப்போதும் உயிரோடு இருந்தது.

அக்காவின் காதோரம் போய் இதைச் சொன்னேன். அவள் தன் விரலையே உற்றுப் பார்த்தாள்.

"அடிப்பாவி. இவ்வளவு நேரம் இதை வச்சிக்கிட்டா டப்பாவைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்த?"

அண்ணன் டீயோடு வந்ததும், "அண்ணே, அழுத்தற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"என் கழுத்து இருக்கு."

மேசை இழுப்பறையில் ஒரு பழைய அழைப்புமணி சுவிட்ச் கிடைத்தது. அதில் கம்பி எதுவும் இல்லை. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். தாளம் ஓடியது. பட்டனை அழுத்தினாள்.

"மூன்றாம் தடத்தில் நிற்கும் பேருந்து, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

விட்டாள். டக்கென்று ஒரு சத்தம்.

*ஊரையெல்லாம் ஏத்திவிட்டேன், எனக்கு ஒரு சீட்டு இல்ல,*
*பேரையெல்லாம் கூப்பிட்டேன், என் பேருல ஒரு பாட்டு இல்ல,*
*துருப்புடிச்ச கத்திரியா? தொட்டுப்பாரு, விரலு இல்ல!*

அண்ணன் டீயை உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். அக்கா அழுத்தினாள், விட்டாள். அழுத்தியபோது நிலையம் பேசியது, விட்டபோது அவள் கடித்தாள். கடைசியில் அழுத்துவதற்கே மறந்துபோனாள். சுவிட்ச் கைநழுவிக் கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பாடிக்கொண்டே இருந்தாள்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் முதல் வேலையாக மின்விசிறியைப் போட்டார்.

"அந்த டக்கு சத்தத்தை எடுத்துடலாமாண்ணே?"

"கையை வச்சேன்னா வெட்டிடுவேன். அது சரியா தாளத்துல விழுந்திருக்கு." முகத்தைத் துண்டால் துடைத்தார். அதிகநேரம் துடைத்தார். "நாளைக்கு ரெண்டாவது பாட்டு. சுவிட்சை நீயே வச்சுக்க. மறக்காம எடுத்துட்டு வா, இந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வா."

அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். நேற்று இரவிலிருந்து அவள் சாப்பிடவில்லை. முதல் வாயை உள்ளே தள்ளிக்கொண்டே அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, வந்துருச்சு."

"எதுடி?"

"குரல்மா."

"அது எங்க போச்சு? தினமும் என்னைத் திட்டறதுக்கு இருந்துச்சே!"

அக்காவுக்குப் புரையேறியது. நான் அவள் தலையில் தட்டினேன். சிரிப்பும் இருமலுமாக, கண்ணில் நீர் வழிய, அவள் அடுத்த வாயை எடுத்தாள்.