முன்னால் இரண்டு, பின்னால் கடவுள்

தேவாலயத்தின் மீன் விருந்துக்கு முந்தின நாள், ஊருக்கென்று வைத்திருந்த மீன் முழுவதையும் என் காரின் பின்பக்கத்தால் கொன்றேன். அந்த மீன் எப்போதோ நார்வேயில் செத்து, காய்ந்து, கப்பலேறி வந்து, காரநீரில் ஊறிக் கண்ணாடிக் கூழாக மாறியிருந்தது என்பதுதான் என் பக்கம் சொல்லக்கூடிய ஒரே நியாயம்.

நடந்தது இவ்வளவுதான். புதன்கிழமை பாடற்குழு ஒத்திகைக்கு வழக்கம்போல மார்லிஸ் பிரான்வோல்டை ஏற்றிக்கொண்டு வந்தேன். மேட்டிலிருந்து இறங்கி தேவாலய வளாகத்துக்குள் திரும்பும்போது பிரேக்கை மிதித்தேன். காரின் முன்பக்கம் நிற்கத் தொடங்கியது. பின்பக்கத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது எங்களை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு முழுச் சுற்று, பிறகு ஓர் அரைச் சுற்று. சமையலறையை ஒட்டியிருந்த பலகைக் கொட்டகைக்குள் கார் பின்புறமாகப் புகுந்து நின்றது. உள்ளே மீன் ஊறிக்கொண்டிருந்த தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கவிழும் சத்தம் கேட்டது. பின் கண்ணாடியில் ஏதோ வழுவழுவென்று இறங்கியது.

மார்லிஸ் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தை நேராக்கினார்.

"வித்தியாசமா நிறுத்துறீங்க, ஆர்விட்," என்றார்.

மினசோட்டாவின் வடமூலையில் இருக்கும் எங்கள் உல்வ்டாலில் 'வித்தியாசமா' என்பதைவிடக் கடுமையான வசவு கிடையாது. நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சத்தம் போட மாட்டோம். வீடு பற்றி எரிந்தால், "இந்தப் பக்கம் கொஞ்சம் கதகதப்பாத்தான் இருக்கு" என்போம்.

பழி என் கணக்கின்மேல்தான். என்னுடையது பழைய கார். எங்கள் போதகரைவிட வயதில் மூத்தது. கால் வைக்கும் இடத்தில் துரு தின்ற ஓட்டை வழியாகச் சாலை தெரியும். அதற்கு நான்கு குளிர்கால டயர் வாங்கினால் டயர்கள் காரை ஏளனமாகப் பார்க்கும் என்று தோன்றியது. இழுப்பது முன்சக்கரம்தானே? ஆகவே முன்னால் மட்டும் இரண்டு புதுக் குளிர்கால டயர் போட்டேன். பின்னால் பழைய மொட்டை டயர்கள் இரண்டும் அப்படியே இருந்தன. இழுக்கிற திசையில் பின்னாலேயே வருவதற்கு என்ன படிப்பு வேண்டும்? நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஊரில் அத்தனை பேரும் அந்த இரண்டு டயரைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கேட்காத ஆளுக்கு யோசனை சொல்வது எங்களிடையே கன்னத்தில் அறைவதற்குச் சமம். கேட்ட ஆளுக்குச் சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தான்.

விருந்து நடந்தது. மீனுக்குப் பதில் இறைச்சி உருண்டை போட்டார்கள். எங்கள் முன்னோர்களின் உணவு போய்விட்டதே என்று எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை என் வாசலில் யாரோ வீட்டில் சுட்ட ஆப்பிள் பை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் எழுதவில்லை. அது அனுதாபமா நன்றியா என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் அடுத்த புதன்கிழமை மார்லிஸ் என்னோடு வரவில்லை.

இதை விளக்க வேண்டும். எங்களூரில் காப்பி கொடுத்தால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால், "சரி, அரை கப் மட்டும்." பிறகு மூன்று கப் குடிப்போம். மார்லிஸ் வீட்டு வாசலில் நான் மூன்று தடவை கேட்டேன்.

"ஏறிக்கிறீங்களா?"

"வேணாம், நடந்தே போயிடுறேன்."

"குளிர் அதிகமா இருக்கே. வாங்களேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்ல மார்லிஸ். வாங்க."

"வேணாம் ஆர்விட்," என்று சொல்லிவிட்டு, கம்பளித் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார்.

மூன்றாவது வேண்டாம்! அதற்கு என்ன பொருள் என்று எங்கள் சட்டத்திலேயே இல்லை. நான்காவது தடவை கேட்ட மனிதனை இந்த மாவட்டம் கண்டதில்லை. இரண்டு குளிர்காலமாக அவரை அழைத்துப் போகிறேன். அவருடைய கார் பேட்டரிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருநாள் சொன்னார், ஏற்றிக்கொண்டேன், அப்படியே பழகிவிட்டது. ஐந்து நிமிஷப் பயணம். வாரத்தில் என்னிடம் இருந்த நல்ல பொழுது அது ஒன்றுதான். அவர் கணவர் இறந்து வெகுநாளாகிறது. எனக்கு யாரும் இருந்ததேயில்லை. இந்த வசந்தத்துக்குள் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். இப்போது அவர் என்னைவிடப் பனிச்சாலையை நம்புகிறார்.

டயருக்காக வரவில்லையா, எனக்காக வரவில்லையா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டயர் என்றால் மாற்றலாம்.

பழுதுக்கடை வெர்லினிடம் போனேன். பள்ளியில் என்கூடப் படித்தவன்.

"வெர்லின், நாலும் குளிர்கால டயரா போடணுமா?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நாலும் போடுற ஆளுங்க இருக்காங்க," என்றான்.

"ரெண்டு போதும்னு சொல்றவங்க?"

"அவங்களும் இருந்தாங்க."

"இந்த எல்லாப் பருவத்துக்கும்னு விக்கிறானே, அது எப்படி?"

"கோடைக்கு நல்லாருக்கும். குளிர்ல அந்த ரப்பர் கல்லு மாதிரி ஆயிடும். கல்லும் உருளும்தான், அத நான் மறுக்கல."

"ஆணி வெச்ச டயர்?"

"நம்ம மாநிலத்துல தடை. ஆத்தத் தாண்டி டகோட்டாவுல போட்டுக்கலாம். அங்கயே குடியிருந்துக்கலாம்."

"நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவ?"

வெர்லின் ஜன்னல் வழியாக என் காரை நெடுநேரம் பார்த்தான். "வருத்தப்படுவேன்," என்றான்.

அந்த நேரம் பனி தள்ளும் வண்டி ஓட்டும் டுவேன் ஸ்கோக்லண்ட் உள்ளே வந்தான். உல்வ்டாலில் சிரிப்பதற்கு என்றே பிறந்த ஒரே ஆள். பாடற்குழுவில் கட்டைக்குரல். போன வாரம் ஒத்திகை முடிந்ததும் மார்லிஸை அவன்தான் தன் வண்டியில் திரும்பக் கொண்டுபோய் விட்டான் என்று எனக்குத் தகவல் இருந்தது.

"என்ன வாத்தியாரே, இன்னிக்கு மூஞ்சி முன்னாடி வந்துச்சா, முதுகு முன்னாடி வந்துச்சா?"

"சிரிக்காத டுவேன். யோசனை சொல்லு."

"பின்னாடி எடை ஏத்துப்பா. எங்கப்பா மணல் மூட்டை வெப்பாரு."

என்னிடம் மணல் இல்லை. மீன் இருந்தது. விருந்துக் குழுத் தலைவி ஆர்டிஸ், "அந்த மீன யாராவது அப்புறப்படுத்தினா நல்லாத்தான் இருக்கும்" என்று என்னைப் பார்க்காமல் என்னிடம் சொல்லியிருந்தார். சாக்குகளில் அள்ளிக் கட்டி வைத்திருந்தேன். குளிரில் பாறையாக உறைந்து கிடந்தன. எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றினேன்.

டுவேனின் அப்பா காலத்துக் கார்களைப் பின்சக்கரம் தள்ளியது என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் காரில் அந்த எடை மணியின் நாக்கு மாதிரி பின்பக்கத்தை வீசியடித்தது. முன்பு ஒன்றரைச் சுற்று சுற்றிய கார் இப்போது இரண்டரை சுற்றியது. மெல்ல மெல்ல ஊர் பழகிக்கொண்டது. வங்கியில் காரிலிருந்து இறங்காமலே பணம் கட்டும் ஜன்னலுக்கு ஒருநாள் பின்புறமாகப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே இருந்த பெண் எதுவும் நடக்காததுபோல, காரின் மறுபக்கத்து ஜன்னல் வழியாக எட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு இந்தப் பக்கமாவா?" என்றாள். அஞ்சலகத்தின் முன் எனக்கென்று தனியாகக் கொஞ்சம் அகலமாகப் பனி தள்ளி வைத்தார்கள். அது டுவேன் செய்த வேலை. அவன்மேல் கோபமாகவே இருக்க முடிவதில்லை, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

ஜனவரியில் திடீரென்று வெயில் அடித்தது. மீன் இளகியது. ஊர் நாய்கள் எல்லாம் காருக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தன. தேவாலய மேட்டில் நான் பிரேக் போட, கார் திரும்ப, நாய்கள் எனக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து மரியாதையோடு பார்த்தன. பிறகு ஒன்றுசேர்ந்து ஊளையிட்டன. நல்ல பாட்டுக்காரர்கள் அவை. ஒத்திகை அன்று சற்று நின்றது.

மீனைப் புதைத்துவிட்டு மறுபடி வெர்லினிடம் போனேன். நேராகப் பார்த்துக் கேட்டேன்.

"மார்லிஸ் ஏன் என் வண்டியில வர்றதில்ல?"

"அது..." என்று ஒரு ஸ்பேனரை எடுத்து, அதற்குரிய இடத்தில் வைத்து, மறுபடி எடுத்தான். "ஜனங்களுக்குப் பல காரணம் இருக்கும்."

"டயரா, நானா?"

"டயரப் பத்திக் கேட்டா எனக்குத் தெரியும்."

"அவங்க பேட்டரிதான் கெட்டுப்போச்சே. அந்தக் குளிர்ல எப்படி நடந்து போறாங்க?"

"பேட்டரியா?" வெர்லின் நிஜமாகவே திகைத்தான். "மார்லிஸோடதா? ரெண்டு வருஷம் முன்னாடி நான்தானே புதுசு போட்டேன். நாலும் குளிர்கால டயர் வேற. இந்த ஊர்லயே ஒழுங்கான காரு அவங்களோடதுதான்."

சொன்ன பிறகுதான் அவன் முகம் சிவந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட்டோமே என்ற பயம்.

நான் அவன் வைத்திருந்த தகர நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு குளிர்காலம். ஊரிலேயே நல்ல காரைக் கொட்டகையில் பூட்டி வைத்துவிட்டு, கால் ஓட்டை வழியாகப் பனித்துகள் தெறிக்கிற என் காரில் ஒரு பெண் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். என் கணக்கு மூளைக்குக்கூட அந்தக் கூட்டல் புரிந்தது.

"நாலு போடு," என்றேன். "மென்மையான ரப்பர். பழைய கார் அளவுக்கு ஏத்தது. எதுனாலும் சரி."

"நாலும் ஒரே மாதிரி வேணும்னா உன் அளவுல ஒரே ஒரு ரகம்தான் கிடைக்குது. கொஞ்சம் ஒடுக்கமா இருக்கும். ஆனா பனியக் கிழிச்சுத் தரையப் பிடிக்கும்."

"முதல் தடவை வந்தப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ அளவக் கேக்கலயே."

அவன் பழைய மொட்டை டயர்களைக் கழற்றியபோது இரண்டும் தரையில் பலகைபோல் டொக்கென்று விழுந்தன. முன்னால் இருந்த புதுசு இரண்டையும் அவன் பெயர் சொல்லாத ஒரு வாடிக்கையாளருக்காக எடுத்து வைத்துக்கொண்டான். இன்னொரு முட்டாள் இருக்கிறான் என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

நேராக மார்லிஸ் வீட்டுக்கு ஓட்டினேன். அவர் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார். கார் முகத்தை முன்னால் வைத்து வந்து, முகத்தை முன்னால் வைத்தே நின்றது. மார்லிஸ் பனிவாரியை ஊன்றிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார்.

"நாலு," என்றார்.

"நாலு."

"சாவியக் குடுங்க."

கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அவர் ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பினார். நான் எப்போதும் அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஏறினேன். அங்கே காலுக்கடியில் இவ்வளவு குளிரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஏரிக்குப் போனோம். உறைந்த ஏரியில் மீன்பிடிக் குடில்கள் சின்னத் தெருவாக நின்றன. மார்லிஸ் கரைச் சரிவில் இறங்கி, ஒரு தயக்கமும் இல்லாமல் நடு ஏரிக்கு ஓட்டினார். வேகம் ஏற்றினார். இன்னும் ஏற்றினார். குடில் கதவுகள் திறந்தன. கையில் தூண்டிலோடு தலைகள் எட்டிப் பார்த்தன. நான் கதவுப் பிடியைப் பிடித்திருந்தேன். அது கையோடு வந்துவிட்டது.

"மார்லிஸ், இது கொஞ்சம்..."

"உக்காருங்க."

பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் முனகியது. குலுங்கியது. கோடு போட்ட மாதிரி நேராகப் போய் நேராக நின்றது. குடில் தலைகள், பார்க்க ஒன்றும் இல்லை என்பதுபோல் உள்ளே போயின.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏரி முழுவதும் வெள்ளை. கைக்கு வந்த பிடியை மடியில் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை சுற்றி வளைத்துக் கேட்டால் கோடையே வந்துவிடும் என்று தோன்றியது.

"டயர் சரியா இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"அப்போ நான்?"

மார்லிஸ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு நான் ரொம்பப் பயந்துட்டேன் ஆர்விட். நீங்க ஓட்டுறது மோசம். எப்பவுமே மோசம். பனியில வளைவுல பிரேக்க மிதிக்கிற ஆளு கூட நான் வர மாட்டேன். ஆனா உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. புதன்கிழமை வாங்க. நான்தான் ஓட்டுவேன்."